யாரு பண்ணினது?

2025 டிசம்பரில் பிரிட்டனின் டர்னர் பரிசு நெனா கலுவுக்குக் கிடைத்தது. ஆட்டிசமும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் உள்ளவர். பேச்சு மிகக் குறைவு. மேடையில் அவருக்காகப் பேசியவர் லண்டன் 'ஆக்‌ஷன் ஸ்பேஸ்' அமைப்பின் ஷார்லட் ஹாலின்ஷெட். 1999 முதல் கலுவோடு ஸ்டூடியோவில் வேலை செய்பவர். துணியும் வீடியோ நாடாவும் சுற்றிச் சுற்றித் தொங்கும் அந்தச் சிற்பங்களைப் பார்த்ததும் ஒரு கேள்வி கிளம்பும்: "அதெல்லாம் சரி, உண்மையில யாரு பண்ணினது?"

அப்பாவிக் கேள்வி இல்லை இது. 1941இல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மத்தீஸின் வாழ்க்கை பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியுமாக ஆனது. உதவியாளர்கள் காகிதத்துக்கு வண்ணம் பூசினார்கள், அவர் வெட்டினார், அவர் காட்டிய இடத்தில் அவர்கள் சுவரில் குத்தினார்கள். அங்கே மத்தீஸின் கையெழுத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. மேதைக்கு உதவியாள் இருந்தால் அது வேலைமுறை, ஊனமுற்றவருக்கு இருந்தால் மோசடியா? தன்னிலை சிலருக்கு முன்கூட்டியே வழங்கப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் அதை நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்தச் சந்தேகத்தின் மறுபக்கம் புனிதப்படுத்தல். பண்பாட்டின் கறை படாத 'கச்சாக் கலை' என்ற கருத்தை 1940களில் துய்புஃபே முன்வைத்தார். அந்த வகையில் அடிக்கடி வைத்துப் பேசப்படுபவர் அமெரிக்காவின் ஜூடித் ஸ்காட். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், காது கேளாதவர், சுமார் 35 ஆண்டுகள் காப்பகங்களில் அடைபட்டிருந்தவர். இரட்டைச் சகோதரி அவரை மீட்டு வந்தார். 1987இல் ஓக்லண்டின் 'கிரியேட்டிவ் க்ரோத்' ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே ஓவியம் அவரை இழுக்கவில்லை. ஒரு நூல்கலைஞரின் பட்டறையில்தான் கை ஓடத் தொடங்கியது. கிடைத்த பொருட்களை நூலால் சுற்றிக் கட்டினார். "உள்ளிருந்து பொங்கிய கலை" என்று எழுதும் விமர்சகர் சகோதரியை, பட்டறையை, நூலை ஒரே வரியில் அழித்துவிடுகிறார். உள்ளே இருந்தது 35 வருஷமா ஏன் பொங்கல? காப்பகத்தில் பொருள் இல்லை, நேரம் இல்லை, காத்திருக்கும் மனிதர் பக்கத்தில் இல்லை.

அதற்காகத் துணைக்கையைக் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. அந்தக் கையும் அதிகாரம்தான். எந்தப் பொருள் மேசைக்கு வரும், வேலை எப்போது முடிந்தது, எது விற்பனைக்குப் போகும், பணம் எப்படிப் பிரியும், யார் பேட்டி கொடுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்யும் இடத்தில் அது இருக்கிறது. 'கூட்டுப் படைப்பு' என்ற இனிப்பான சொல் இதை மூடிவிடுகிறது.

பேசாதவரும் மறுக்கிறார். கொடுத்த நிறத்தைத் தள்ளிவிடுகிறார், எழுந்து போகிறார், முடிந்ததென்று மற்றவர் நினைத்ததன் மேல் மறுபடி சுற்றுகிறார். அந்த மறுப்பால் வேலையின் திசை மாறுகிறதா என்பதைத்தான் விமர்சனம் பார்க்க வேண்டும். மாறினால் அங்கே இருவர் வேலை செய்கிறார்கள். மாறாவிட்டால், பேரு எவ்வளவு பெரிசா இருந்தாலும், அது இன்னொரு காப்பகம்.