செத்த லேப்டாப் பேட்டரியில் எவ்வளவு உயிர்? – ஊர்ஜார் ஆய்வை முன்வைத்து

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிக்கிற வீடியோக்களை நிறைய பார்த்தாச்சு. எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கதைதான். பிளாஸ்டிக் மூடியைப் பெயர்ப்பார்கள், உள்ளே ஆறு செல் வரிசையாக இருக்கும், மல்டிமீட்டரை வைத்தால் 3.7 வோல்ட் காட்டும். "பார்த்தீங்களா, இதைப் போயி தூக்கிப் போட்டுட்டாங்க!" அடுத்த காட்சியில் பவர் பேங்க் ரெடி.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வு வடிவம் கொடுத்தது 2014-இல் ஐபிஎம் ரிசர்ச் இந்தியா குழு செய்த ஊர்ஜார் என்கிற வேலை. தூக்கிப் போட்ட லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, செல் செல்லாகச் சோதித்து, நல்லதை மட்டும் சேர்த்து, ஒரு எல்இடி விளக்கு எரிக்கிற பெட்டியாக மாற்றினார்கள். பெங்களூரில் குடிசைப் பகுதியில் இருப்பவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் என்று ஐந்து பேரிடம் கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். கழித்துப் போட்ட பேட்டரிகளில் குறைந்தது 70 சதவீதம், ஒரு எல்இடி விளக்கை தினமும் நாலு மணி நேரம் ஒரு வருஷத்துக்கு எரிக்கும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

கணக்கு தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனால் அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்குப் பதில், எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும்.

முதலில் அவர்கள் பக்கம் உள்ள நியாயம். லேப்டாப் பேட்டரி செத்துப்போச்சு என்றால் ஆறு செல்லும் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரண்டு இரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி, அந்த மூன்றும் வரிசையாகத் தொடரில் இருக்கும். இரண்டு ஜோடியில் 90 சதவீதம் கொள்ளளவு மிச்சம், ஒரு ஜோடியில் 10 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 63. ஆனால் அந்த பேக்கிலிருந்து கிடைப்பது வெறும் 10 சதவீதம்தான். பலவீனமான ஜோடி காலியானதும் உள்ளே இருக்கிற சர்க்யூட் மொத்தத்தையும் நிறுத்திவிடும். அந்த ஜோடியை எடுத்துவிட்டால் மீதி நாலு செல்லும் நல்லாவே ஓடும். ஊர்ஜார் இதைத்தான் செய்தது. பழைய செல்லிடம் அதிகம் எதிர்பார்க்காமல் ஒரு சின்ன விளக்கை மட்டும் எரிக்கச் சொன்னது. அதிகச் சூடாகாமல் தடுக்க சர்க்யூட்டும் வைத்தார்கள். ரொம்பப் பொறுப்பான வடிவமைப்பு.

என் சந்தேகம் "எவ்வளவு மிச்சம்?" என்கிற அளவுகோல் மேலேதான். கொள்ளளவை அளப்பது சுலபம். 4.2 வோல்ட் வரை சார்ஜ் பண்ணி, அரை ஆம்பியரில் இறக்கி, எத்தனை எம்ஏஹெச் வந்தது என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த செல் என்னென்ன பட்டது என்பதை அந்த எண் சொல்லாது. மேசை டிராயரில் மூணு வருஷம் கிடந்து, வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம் வரை இறங்கியிருந்தால், உள்ளே எதிர்முனையில் இருக்கிற தாமிரத் தகடு மெல்லக் கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது கரைந்த தாமிரம் வேற இடத்தில் படியும். அது பிரிப்பானைத் தாண்டினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அந்த செல் முதல் சோதனையில் நல்ல மார்க் வாங்கிவிடும்.

இது எனக்கே நடந்தது. நண்பர் கொடுத்த பேக்கில் ஆறு செல். நாலு 3.6 வோல்ட்டில் இருந்தது, இரண்டு 1 வோல்ட்டுக்கும் கீழே. "சும்மா பார்ப்போமே"ன்னு அந்த இரண்டையும் மெதுவாக சார்ஜ் ஏற்றினேன். (செய்யாதீங்க. நானும் இப்ப செய்யமாட்டேன்.) அதில் ஒண்ணு 1,900 எம்ஏஹெச் கொடுத்து, ஆறிலேயே இரண்டாவது இடம். ஆறையும் முழுசாக சார்ஜ் பண்ணி மண் நிரப்பிய பூந்தொட்டியில் வைத்து ஒரு மாசம் விட்டேன். நாலு செல் 4.15 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. இரண்டாவது இடம் வாங்கிய நம்ம ஆள் 3.8-க்கு வந்திருந்தார். எங்கும் இணைக்காமலேயே உள்ளே மின்சாரம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. வோல்ட் மீட்டரும் கொள்ளளவு சோதனையும் காட்டாததை ஒரு மாசக் காத்திருப்புதான் காட்டியது.

வீடியோக்கள் தவிர்க்கிற இடம் இதுதான், ஏன்னா காத்திருப்பதைப் படம் பிடிக்க முடியாது. ஒரு செல்லை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற 14 மணி நேரம் ஆகும். நாலு செல் போடுகிற சார்ஜரில் 80 செல் சோதிக்க ஏறக்குறைய 12 நாள், இரவு பகலாக. அதுக்கு மேல ஒரு மாசம் சும்மா வைக்கணும். "இலவச பேட்டரி" என்பதில் இந்த உழைப்புக்கு விலை போடுவதே இல்லை.

இன்னொரு விஷயம். பேக்கைப் பிரித்ததும் எல்லாரும் முதலில் தூக்கிப் போடுவது அந்தச் சின்ன சர்க்யூட் போர்டை. பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆனது, எப்போது தயாரானது, கடைசியாக முழுக் கொள்ளளவு எவ்வளவு என்கிற விவரமெல்லாம் பெரும்பாலும் அதில்தான் பதிவாகியிருக்கும். பேக் லேப்டாப்பில் இருக்கும்போதே இதைப் படித்துக் குறித்துக்கொள்ளலாம். செல்லின் சரித்திரம் எழுதிய ஒரே காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் செல்லைப் பார்த்து ஜாதகம் கணிக்கிறோம்.

திரும்ப ஊர்ஜாருக்கு வருகிறேன். பயன்படுத்தியவர்கள் பேட்டரி நல்லா வேலை செய்ததுன்னு சொல்லிவிட்டு முக்கியமாகக் கேட்டது இரண்டு: விளக்கு இன்னும் பிரகாசமாக வேணும், எலி கடிக்காத வயர் வேணும். எனக்கு இந்த இரண்டாவது கோரிக்கைதான் அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. லித்தியம் அயான் பேட்டரியிலிருந்து வருகிற வயரை எலி கடித்தால் ஷார்ட் ஆகலாம், பக்கத்தில் இருப்பது தார்ப்பாயும் அட்டைப்பெட்டியும். சோதனைக்கூடத்தில் யாரும் எலியை வைத்துச் சோதிப்பதில்லை. ஐந்து பேர், மூன்று மாதம் என்பது வேலை செய்கிறதா என்று பார்க்கப் போதும். ஆயிரத்தில் ஒரு செல் செய்கிற காரியத்தைப் பார்க்க அது போதாது. புது செல்லிலேயே தவறு நடக்கும்: 2006-இல் டெல் நிறுவனம் சோனி செல் இருந்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அங்கே யார் தயாரித்தார்கள், யார் பொறுப்பு என்று தெரியும். கழித்துப் போட்ட செல்லில் செய்த விளக்கு தள்ளுவண்டியில் பற்றிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? ஆபீஸ் கழித்ததைக் குடிசைக்குக் கொடுக்கும்போது வெளிச்சத்தோடு அந்த ஆபத்தும் கூடவே போகுது. அதை யார் சுமப்பது என்பதும் ஆய்வுக் கேள்விதான்.

இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சியோ புதுப்பிப்போ செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. செல் தரம் பிரிக்கிற வேலை அங்கே, போர்டில் உள்ள பதிவையும் சேர்த்து, கணக்கோடு நடந்தால் ஊர்ஜார் சொன்ன 70 சதவீதத்துக்கு நிஜமான அர்த்தம் வரும்.

வீட்டில் செய்து பார்க்கணும்னு ஆசைப்படுகிறவர்களுக்கு என் அளவுகோல் இது: 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தொடாதீங்க. மேல் உறை கிழிந்திருந்தால் கவனம், தொப்பி முனையைத் தவிர அந்த உருளை முழுக்க எதிர்முனைதான். ஒரு மாசம் காத்திருங்க. தொடரில் சேர்க்காமல் பக்கம் பக்கமாக, சின்ன வேலைக்கு மட்டும் வையுங்க. தூங்கும்போது சார்ஜில் போடாதீங்க.

என் ஆறில் நாலு தேறியது. இப்போது மாடிப்படியில் ஒரு விளக்கு எரிகிறது, சுற்றி எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லை. மீதி இரண்டும் முனையில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கிற இடத்துக்குப் போயாச்சு. 1,900 எம்ஏஹெச் செல்லைக் கொடுக்கும்போது மனசு கொஞ்சம் கேட்கலதான்.