எர்ரர் ஒன்று, மருந்து வேறு

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடை ஒன்றில் பழைய ஏலச் சீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காசில்லாமல் கிடைக்கும் கருவி டெசராக்ட். படத்திலுள்ள எழுத்தைப் படித்து எழுத்துக்கோப்பாகத் தரும். அழுத்தப் பொத்தான் எதுவும் கிடையாது. டெர்மினலில் கட்டளை தட்ட வேண்டும்.

உபுண்டு இயங்குதளத்தில் நிறுவி, மொழி தமிழ் என்று குறித்து ஓட்டினால் முதலில் வருவது எர்ரர்தான். தமிழ் டேட்டா கோப்பைத் திறக்க முடியவில்லையாம். டெஸ்டேட்டா ப்ரீஃபிக்ஸ் என்ற சூழல் மாறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. புதிதாக வந்தவர் அந்த மாறியோடு அரைநாள் மல்லுக்கட்டுவார். கோளாறு அங்கே இல்லை. உபுண்டு இந்தக் கருவியோடு தரும் மொழி ஆங்கிலம் மட்டுமே. தமிழைத் தனிப் பொதியாக நிறுவ வேண்டும், ஒரு வரி வேலை.

இப்படிப்பட்ட ஓட்டைகளை நம்மவர்கள் அடைக்கும் வழி, தமிழில் விளக்கக் கட்டுரை எழுதுவது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வருவது பெரிய காரியம். கருவியைச் செய்தவருக்குத் தன் கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்; எந்தப் படியில் கால் இடறும் என்று இடறியவருக்குத்தான் தெரியும். தேனியில் இருந்து இன்னொருவர் அதே படியில் நிற்கும்போது, தமிழில் நாலு வரி கிடைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார்.

ஆனால் இந்த வழக்கத்தின் குறையும் சின்னதல்ல. பக்கத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று சொல்லும் பி.எஸ்.எம். தெரிவை, 3ஆம் பதிப்புக் காலத்தில் முன்னால் ஒற்றைக் கோடு போட்டு எழுதினார்கள். 2018இல் வந்த 4ஆம் பதிப்பில் இரட்டைக் கோடு வேண்டும். பழைய கட்டுரைகள் ஒற்றைக் கோட்டோடு அப்படியே நிற்கின்றன; நகலெடுத்து ஒட்டுபவருக்குப் புது எர்ரர். தலைமதகில் அடைக்க வேண்டிய உடைப்புக்கு அவரவர் வயலில் வரப்பு உயர்த்துகிறோம்.

கருவியோடு வரும் மூல ஆவணத்தின் லட்சணமும் சொல்லத்தக்கதுதான். பி.எஸ்.எம். பட்டியலில் 0 முதல் 13 வரை பதினான்கு வகை. அதில் 2ஆம் எண்ணுக்கு எதிரே, இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்! ஒவ்வொன்றும் என்ன என்று ஒரு வரி உண்டு. எப்போது எதை எடுப்பது என்று இல்லை. ஏலச் சீட்டில் லாட் எண், எடை, விலை என்று கட்டம் கட்டமாக இருக்கும். வழக்கமான 3ஆம் வகை அதைப் பத்தி பிரித்துப் படிக்கப் பார்க்கும். எடையெல்லாம் ஓரிடத்திலும் விலையெல்லாம் வேறிடத்திலும் போய் விழலாம். முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொள்ளும் 6ஆம் வகையில் வரிசை குலையாமல் வர வாய்ப்பு அதிகம். பட்டியலை எத்தனை முறை படித்தாலும் இது பிடிபடாது. சீட்டை வைத்து ஓட்டிப் பார்த்தவர் எழுதினால்தான் உண்டு.

1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே பிழைச் செய்திகளை விளக்கத் தனிப் பகுதியும், தெரிந்த கோளாறுகளை ஒப்புக்கொள்ளத் தனிப் பகுதியும் இருந்தன. டெசராக்ட் கையேட்டில் வரலாறு உண்டு. பிழைச் செய்திகளுக்கென ஒரு பகுதி இல்லை. ஆகவே திருத்த முனைபவர் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, இந்த ஒரு பகுதியைச் சேர்த்து மூலத்துக்கே அனுப்புவது மேல். அதிலும் சிக்கல் உண்டு: கையேட்டுப் பக்கம் நிரலோடு ஒரு களஞ்சியத்தில், நீண்ட வழிகாட்டி டெஸ்டாக் என்ற இன்னொன்றில். எங்கே அனுப்புவது என்பதற்கே ஒரு வழிகாட்டி தேவைப்படும் போலிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்பட்டு நின்றுவிடுவோரும் உண்டு.

எல்லாவற்றையும்விட எர்ரர் வரியையே மாற்றுவது சிறந்தது என்பேன். எந்தெந்த மொழிகள் நிறுவப்பட்டுள்ளன என்று பட்டியலிடும் கட்டளை கருவியிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலை எர்ரரோடு காட்டி, கேட்ட மொழி இதில் இல்லை என்று சொன்னால் கையேட்டைத் திறக்கவே வேண்டாம். ஆனால் அதற்கு நிரலில் கைவைக்க வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் அடுத்த பதிப்பு வந்து, அது உபுண்டுவில் சேர்ந்து நம் கைக்கு வர வருடங்கள் ஆகலாம். அதுவரை தமிழ்க் கட்டுரைகளை விட்டால் வேறு கதியில்லை. எழுதுபவர்கள் பதிப்பு எண்ணையும் தேதியையும் தலைப்பிலேயே போட்டுவிடட்டும்.