மலையேறிய மணிமுடி

கல்லிலே கட்டிய கோயில் உண்டு; மரத்திலே இழைத்த கோயில் உண்டு. வெண்கலத்திலே வார்த்து, பொன்முலாம் பூசி, முகில் தவழும் முகட்டிலே நிறுத்திய கோயிலும் உண்டு. சீன நாட்டில், ஹூபே மாநிலத்தின் வடமேற்கே நீண்டு கிடக்கும் வூதாங் மலைத்தொடரில், 1,612 மீட்டர் உயர்ந்த தியான்சூ சிகரத்தின் உச்சியில் நிற்கிறது அந்தப் பொன்மண்டபம். தாவோ நெறியினர் போற்றும் மலை அது. அங்குள்ள பழங்கோயில்களை 1994-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. சென்று வந்தோர் தீட்டும் பயணக் கட்டுரைகள் பலவும் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன: அமைதி, அருள், ஆன்மிகம்!

ஓவியத்தைத் திறனாய்கிறோம், தீட்டியவன் யார் என்று கேட்கிறோம். காவியத்தைத் திறனாய்கிறோம், பாடச் சொன்ன புரவலன் யார் என்று கேட்கிறோம். கோயிலைக் கண்டதும் மட்டும் அந்தக் கேள்விகள் குல்லாயைக் கழற்றிக் கும்பிடு போட்டுவிடுவதேன்? நாம் கேட்போம்.

கட்டியவன் மிங் மரபின் மன்னன் யோங்லே. அரியணை அவனுக்கு உரியதன்று. அண்ணன் மகன் சியென்வென் ஆண்டுகொண்டிருந்தான். வடக்கே பீகிங்கில் சிற்றரசனாய் இருந்த சிற்றப்பன் 1399-இல் வாளெடுத்தான். 1402-இல் நாங்கிங் நகருள் நுழைந்தான். அரண்மனை எரிந்தது. இளம் மன்னன் என்னவானான் என்பது இன்றளவும் புதிர். வெற்றி வீரனுக்கு வாள் இருந்தது, படை இருந்தது, கருவூலம் இருந்தது. நியாயம் மட்டும் இல்லை. அதைத் தேடி முதலில் அவன் சென்றது கோயிலுக்கன்று, எழுத்தாளனிடம்! பாங் சியாவோரு என்னும் பேரறிஞனை அழைத்து, முடிசூட்டு அறிக்கையை எழுதப் பணித்தான். அறிஞன் மறுத்தான். அவனையும் அவன் சுற்றத்தாரையும் கொன்று குவித்தது புதிய ஆட்சி. மாணவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் நம்மனோர்க்கு, எழுத மறுத்த அந்தக் கை எந்தக் கோபுரத்தையும்விட உயரமாகத் தெரிகிறது.

பேனா பணியவில்லை, கடவுள் பணிந்தார்! வடதிசைக் கடவுள் சென்வூ தன் படைக்குத் துணைநின்றார் என்றான் மன்னன். வடக்கேயிருந்து வந்தவனுக்கு வடதிசைக் கடவுள் துணை. எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அந்தக் கடவுளின் மலை வூதாங். 1412-இல் வேலை தொடங்கியது. பீகிங்கிலே அரண்மனை எழும்பிய அதே காலத்தில், தெற்கே இந்த மலையிலும் அரசாங்கச் செலவில் கோயில்கள் எழுந்தன. மூன்று இலட்சம் படைவீரரும் கூலியாட்களும் உழைத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு. 1416-இல் பொன்மண்டபம் உச்சியேறியது. உள்ளே வெறுங்காலும் விரிசடையுமாய்ச் சென்வூ வீற்றிருக்கிறார். அந்த முகம் யோங்லேயின் முகமே என்று மக்கள் வழக்கில் ஒரு பேச்சு உண்டு. மெய்யோ பொய்யோ, மக்கள் எதைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அந்தப் பேச்சே போதும்.

கலையைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. உத்திரமும் கைமரமும் ஓட்டு வரிசையும் மரவேலை போலவே தோன்றுமாறு உலோகத்தில் வார்த்திருக்கிறார்கள். அறுநூறு ஆண்டு மழைக்கும் பனிக்கும் அது அசையவில்லை. அந்தத் திறம் வார்ப்புத் தொழிலாளியின் திறம். புகழ் மன்னனுக்கும் கடவுளுக்கும் பங்கு போயிற்று. இடிமழையில் மண்டபத்தைச் சுற்றித் தீப்பிழம்பு உருண்டதாம். கடவுள் தம் கோயிலைப் புடம்போடுகிறார் என்று மெய்சிலிர்த்தார்கள். மலையுச்சியில் உலோகத்தை நிறுத்தினால் மின்னல் வேறெங்கே போகும்? இடிதாங்கியைப் பொருத்திய பின் அந்தக் காட்சி மறைந்தது.

நான்யான் பாறையில் நடந்ததோ நெஞ்சை உலுக்கும் கதை. பாதாளத்தின் மேல் ஏறத்தாழ மூன்று மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் கல் விட்டம். அதன் நுனியில் நாகத்தலை. தலைமேல் ஊதுவத்திக் கலம். அந்த ஒடுங்கிய கல்லின்மேல் தவழ்ந்து சென்று புகையேற்றினால் வரம் கிட்டும் என்று நம்பி, தவறி விழுந்து மாண்டோர் பலர். 1673-இல் அதிகாரிகள் தடை விதித்துக் கல்வெட்டு நட்டார்கள். கடவுள் தடுக்கவில்லை, கல்வெட்டு தடுத்தது.

தாவோ நெறியின் மூல நூலென மதிக்கப்படுவது லாவோட்சேயின் பெயரால் வழங்கும் 81 பகுதிகள் கொண்ட சிறு நூல். ஆள்வோரின் வரிப்பசியே மக்களின் வயிற்றுப்பசிக்குக் காரணம் என்று அது சாடுகிறது. அரண்மனைப் பகட்டைக் கொள்ளை என்று இடித்துரைக்கிறது. அந்நூலை மதிப்பதாகச் சொல்லும் நெறிக்கு, வரிப்பணத்தில் வார்த்த பொன்மண்டபம்! இந்த முரணைப் பயணக் கட்டுரையாளர் ஒருவரேனும் தொட்டிருக்கலாம்.

யோங்லேக்கு முன்னும் அந்த உச்சியில் ஒரு வெண்கல மண்டபம் இருந்தது. 1307-இல் வார்த்தது. சிறியது; பொன் பூசாதது. காசு கொடுத்த எளிய மக்களின் பெயர்களையும் ஊர்களையும் அதன் உறுப்புகளிலே பொறித்திருந்தார்கள். மன்னனின் மண்டபம் வந்ததும் அதை இறக்கிப் பக்கத்துச் சிறு குன்றிலே ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு இன்று “ஊழ்மாற்றும் கூடம்” என்று பெயர். மண்டபத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இருண்ட, குறுகிய சந்தில் உடலை ஒடுக்கிச் சுற்றி வந்தால் தலைவிதி மாறுமாம். கூட்டம் கூட்டமாய்ச் சுற்றுகிறார்கள், அந்தப் பெயர்களின்மேல் உரசிக்கொண்டே.