அருகைப் பிடுங்கிவிட்டு பெர்முடா

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு புது வீட்டில் லான் போடுவதைப் போன தை மாதம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மனையில் ஏற்கெனவே புல் இருந்தது. மழை முடிந்து திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்த அருகம்புல். இரண்டு ஆட்கள் மண்வெட்டியால் அதைச் செதுக்கி, கொடிகளை உதறி, மதிலோரம் குவித்தார்கள். பிறகு லாரியில் செம்மண் வந்து இறங்கியது. அதன்மேல் பாய்போல் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்தார்கள். என்ன ரகம் என்று கேட்டேன். "பெர்முடா சார், ஃபாரின் புல்லு" என்றார் மேஸ்திரி.

பெர்முடாவும் அருகும் தாவரவியலில் ஒரே இனம்தான்: சைனோடான் டாக்டிலான். நர்சரியில் விற்பது இலை மெலிந்து குட்டையாகப் படரும் ரகமாகவோ கலப்பினமாகவோ இருக்கலாம் என்பதால் மேஸ்திரியைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. என்னை யோசிக்க வைத்தது வீட்டுக்காரர் அடுத்துச் சொன்னதுதான்: "ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாது. முழுக்க ஆர்கானிக்."

இப்போது பலரும் சொல்கிற வார்த்தை இது. யூரியா வேண்டாம், களைக்கொல்லி வேண்டாம். புல்லைக் கொஞ்சம் உயரமாக வெட்டு, வெட்டியதை அங்கேயே விடு, மக்கிய எரு போடு, களையைக் கையால் எடு. இவ்வளவுதான் முறை. ஏறக்குறைய 400 சதுர அடியில் ஆறு வருஷமாக நானும் இதைத்தான் செய்கிறேன். அதனால் இதை வெளியிலிருந்து குறை சொல்லும் ஆள் இல்லை நான். ஆனால் இந்த முறை தனக்குச் சாதகமான கேள்விகளை மட்டுமே கேட்டுக்கொள்கிறது என்று போகப்போகத் தோன்றத் தொடங்கியது.

முதலில் அதன் பலம். வெட்டும் விஷயத்தில் அது சொல்வது அத்தனையும் சரி. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அனுபவத்தில் பழுத்த விதி. இலைதான் புல்லின் அடுப்பங்கரை. அதை ஒட்டச் சிரைத்தால் வேருக்குச் சோறு போகாது, வேர் மேலேயே நின்றுவிடும், அடுத்த நாள் வெயிலுக்கே வாடும். ஒன்றரை, இரண்டு அங்குலம் விட்டால் புல்லின் நிழல் மண்ணில் விழும். வெளிச்சம் கிடைக்காத களை விதை முளைக்கத் திணறும். வெட்டிய துணுக்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வைகாசி வெயிலில் காலையில் உதிர்த்ததை மறுநாள் தேடினால் கிடைக்காது. அது மண்ணுக்குத் திருப்பித் தரும் தழைச்சத்து, புல்லுக்கு வருஷம் முழுக்கத் தேவைப்படுவதில் கால்வாசி வரை இருக்கும். துணுக்கை விட்டால் புல்லடியில் பஞ்சுபோல் மெத்தை கட்டும் என்று தோட்டக்காரர்கள் பயமுறுத்துவார்கள். மெத்தை கட்டுவது எளிதில் மக்காத தண்டும் வேரும்தான், இலை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கதை வேறு. ஈரத்தில் துணுக்கு களிபோல் கட்டி கட்டியாக விழுந்து அடிப்புல்லை அழுகவைக்கும். அப்போது வாரித்தான் ஆக வேண்டும்.

உரத்தில் பாதி உண்மை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. வேப்பம்பிண்ணாக்கில் 5 பங்கை ஒட்டி இருக்கும், அதுவும் மெதுவாகத்தான் இறங்கும். அந்த மெதுவில்தான் நன்மை. வேம்பு, மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கரைந்து போவதைத் தாமதப்படுத்துகிறது. யூரியாவுக்கே வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு 2015இல் கட்டாயமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் "இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தின வாரம் எருவைக் கொட்டினால் அது மழைநீர் வடிகால் வழியாக ஏரிக்குத்தான் போகும். ஏரியில் பாசி பிடிக்க அது மாட்டுச் சாணத்திலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்பது முக்கியமில்லை. மக்காத சாணத்தோடு களை விதையும் சேர்ந்து வரும். கழுவாத நார்க்கழிவில் உப்பு. மக்காத நார்க்கழிவு இருக்கிற தழைச்சத்தையும் தானே பிடித்துக்கொள்ள, புல் மஞ்சளாகும். என் லானின் கிழக்கு மூலை ஒரு வருஷம் அப்படித்தான் நின்றது.

களையில்தான் இந்த முறை தோற்கிறது. அதை ஒப்புக்கொள்ளவும் மறுக்கிறது. கோரையை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் இழுத்தால் மேலே இருக்கிற தாள் சுலபமாக வந்துவிடும். கீழே மணிமணியாக, ஒன்றோடொன்று நூல் கோத்ததுபோல் கிழங்குகள். இழுக்கும்போது நூல் அறுந்து, அதுவரை தூங்கிய கிழங்கும் விழித்துக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கி மூன்றை வாங்குகிற வியாபாரம். புல்லை விட்டுக் கோரையை மட்டும் தாக்க ஹாலோசல்ஃப்யூரான் போன்ற மருந்து உண்டு. கைமுறையில் அதற்கு நிகர் கிடையாது. அதற்குப் பதிலாக உப்பும் வினிகரும் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். வினிகர் இலையை மட்டும் கருக்கும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். சமையலறையிலிருந்து வந்தது என்பதற்காக அது மண்ணுக்கு நல்லதாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்தில்லாத பெரிய லான்களில் களை எடுப்பது யார்? குத்துக்காலிட்டு, தலையில் துண்டோடு, உச்சி வெயிலில் நகரும் பெண்கள். அந்த முழங்கால் வலி "ஆர்கானிக்" கணக்கில் வருவதில்லை.

எது களை என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு புல் விதையோடு வெள்ளை க்ளோவரையும் கலந்தே விற்றார்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிற பயறு இனம் அது. 1940களின் நடுவில் 2,4-டி கடைக்கு வந்தது. அகல இலைச் செடிகளைக் கொல்லும் அந்த மருந்துக்குக் க்ளோவரும் தப்பவில்லை. பிறகு க்ளோவரே களைப்பட்டியலில் சேர்ந்தது. நம்மூரில் அந்த இடத்தில் புளியாரையும் அம்மான் பச்சரிசியும். இரண்டையும் நான் விட்டுவிட்டேன். தொட்டாற்சிணுங்கியை மட்டும் விடவில்லை. பேத்தி வெறுங்காலோடு ஓடுகிறாள், முள்ளுக்கு இரக்கம் காட்ட முடியாது.

இதெல்லாம் சில்லறை. பெரிய கணக்கு தண்ணீர். கோடையில் புல் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்குச் சுமார் 465 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். அதாவது மூன்று பேருக்கு மேல் ஆகும் தண்ணீரை அந்தப் புல் ஒன்றே குடிக்கிறது. சென்னைக்கு வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை உண்டு, ஆனால் பெரும்பகுதி மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, குடத்தோடு லாரிக்கு நின்றோம். அந்த மாதத்திலும் டேங்கர் வாங்கி லானுக்கு விட்டவர்களை எனக்குத் தெரியும். மண்புழு உரம்தான் போட்டிருந்தார்கள்.

மக்கு சேர்ந்த மண் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும், வாஸ்தவம். ஆனால் வெயில் குடிப்பதை அது குறைக்காது. "வாரம் இருமுறை ஆழமாகப் பாய்ச்சு" என்பது களிமண் கலந்த நிலத்துக்கு நல்ல யோசனை. கடற்கரையோர மணலில் ஆழமாக விட்டது ஆழத்துக்கே போய்விடும். உண்மையான மாற்று ஒன்று உண்டு: கோடையில் புல்லைக் காயவிடுவது. அருகு சாகாது. மேலே வைக்கோல் நிறத்துக்குப் போய், மண்ணுக்குள் கொடியாகக் கிடந்து, முதல் மழைக்குத் துளிர்க்கும். மணமக்களை வாழ்த்தும்போது அருகின் வேரைச் சொல்வது சும்மா இல்லை. பைசா செலவில்லாத இந்த வழியை ஆர்கானிக் லான் விற்பவர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. பங்குனியில் பழுப்பாக நிற்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

பிறகு அந்தச் செம்மண். எங்கோ ஒரு கரட்டையோ மேட்டையோ வெட்டித்தான் அது வந்திருக்கிறது. வெட்டிய இடத்தில் குழி, வந்த இடத்தில் "இயற்கை முறை". மனையின் சொந்த மண்ணைக் கொத்தி எருப்போட்டுத் திருத்த இரண்டு பருவம் பிடிக்கும். கிரகப்பிரவேசம் அதுவரை காத்திருக்காது. போதாததற்கு, லோடு மண்ணில் கோரைக்கிழங்கும் இலவசமாக வரும்.

லானே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. குழந்தை உருள ஒரு துண்டுப் புல்தரைக்கு ஈடு இல்லை. அது ஒரு துண்டாக இருந்தால் போதும் என்கிறேன். நடமாட்டம் குறைந்த ஓரங்களில் பொடுதலை நன்றாகப் படரும். தலைப்பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பொடுதலைதான். வெட்ட வேண்டியதே இல்லை, பூவுக்குக் கொசுத்தேனீ வரும். ஆனால் கிரிக்கெட்டைத் தாங்காது, ஈரம் கண்டால் பாத்தி தாண்டும். மாமரத்தடியில் மூன்று முறை புல் வைத்துத் தோற்றேன். அருகுக்கு நிழல் ஆகாது. இப்போது அங்கே சருகு கிடக்கிறது.

அந்தப் புது வீட்டிலிருந்து கிளம்பும்போது, மதிலோரம் குவித்திருந்த அருகம்புல்லில் ஒரு சாக்கு கேட்டேன். மேஸ்திரி சிரித்தார், காசு வாங்கவில்லை. குழாயடியில் வெறுமையாக இருந்த இடத்தில் துண்டு துண்டாக நறுக்கி ஊன்றினேன். ஆடியில் பார்த்தபோது பாதி பிடித்திருந்தது. மீதிப் பாதியில் கோரை.