மனம் திருந்தியவன்

நம்முடைய கதைகளில் வரும் குடிகாரனுக்குப் பெரும்பாலும் இரண்டே முடிவுகள்தாம். ஒன்று, அவன் சாகிறான். இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் மனைவியின் கண்ணீரைக் கண்டு மனம் திருந்துகிறான். இரண்டும் ஆசிரியனுக்குச் சௌகரியமான முடிவுகள். செத்தவனைப் பற்றியும் திருந்தியவனைப் பற்றியும் மேற்கொண்டு எழுத வேண்டிய அவசியமில்லை அல்லவா?

இந்தச் சௌகரியம் கதாசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. கள்ளச்சாராயத் தொழிலை விட்டவர்களுக்குக் கறவை மாடு, பெட்டிக்கடை என்று உதவி செய்யும் மறுவாழ்வுத் திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்து வருகிறது. அதில் பயனாளிக்குச் சர்க்கார் வைத்திருக்கும் பெயர் 'மனம் திருந்தியவர்.' நாவலாசிரியன் முன்னூறு பக்கம் எழுதி, தயங்கித் தயங்கிப் போடுகிற கடைசி வரியைச் சர்க்கார் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுகிறது!

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர், பேசுவது தமிழ். சாமை விதைப்பவர்கள், தேன், புளி, பலா விற்பவர்கள். மலையடிவாரத்துச் செங்கம் நன்னனுடைய ஊர். அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தில், வழிநடந்து வரும் கூத்தர்களுக்கு மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளைக் கொடுத்து உபசரிக்கிறார்கள். அங்கே குடி, விருந்தின் ஓர் அங்கம். சோற்றோடும் உறவோடும் சேர்ந்து வருவது. இன்று வெல்லத்தையும் மரப்பட்டையையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது விலைக்கு விற்கும் சரக்கு. விருந்து வியாபாரமான கதை இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

கதையும் சட்டமும் ஒரே கையால் எழுதப்பட்ட அபூர்வம் நம் நாட்டில் ஒரு முறை நேர்ந்தது. ராஜாஜி 1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் துணையாக இருந்தார். பிறகு மாகாணப் பிரதமராகி, 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1939-இல் அது வட ஆற்காட்டுக்கும் வந்தது. ஜவ்வாது மலை அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. 1974-இல் திரைப்படமாகவும் வந்த அவருடைய 'திக்கற்ற பார்வதி'யில் குடியும் கடனும் கைகோத்துக்கொண்டு ஓர் ஏழைக் குடும்பத்தைத் தின்கின்றன. குடியைக் கடனிலிருந்து பிரித்துப் பார்க்காததுதான் அந்தக் கதையின் பலம். சட்டம் செய்தபோதும் அவர் அதை மறக்கவில்லை. 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் செய்தார்.

ஆனால், கதையிலும் சரி, சட்டத்திலும் சரி, குடிப்பவனுடைய உடம்பைக் காணோம். கதையில் அவன் பலவீனன், சட்டத்தில் குற்றவாளி. நோயாளி என்று எவரும் அழைக்கவில்லை. பல வருஷங்கள் நாள்தோறும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் சித்தப்பிரமை கண்டு, மருந்தில்லாமல் உயிரே போகலாம். அவனை லாக்கப்பில் அடைப்பது ஒழுக்கம் கற்பிப்பதாகாது.

1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது, 1974-இல் திரும்பியது, 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. குற்றவாளி வாடிக்கைக்காரன் ஆனான். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனக்கோளாறுகளையும் நோயென்று ஏற்றுக்கொண்டது. தன்னையோ பிறரையோ துன்புறுத்தக்கூடிய, அல்லது தன்னைப் பேண முடியாத நிலையில் இருப்பவனை, அவனுக்கென நியமிக்கப்பட்ட பிரதிநிதி கேட்டுக்கொண்டால், இருவர் தனித்தனியே பரிசோதித்து, 30 நாள் வரை அவன் இஷ்டமின்றியே சேர்த்துக்கொள்ளலாம். அவன் மறுபரிசீலனை வாரியத்தில் முறையிடவும் வழியுண்டு. கஞ்சா, அபின் வகைகளுக்கான 1985-ஆம் வருஷத்துச் சட்டமோ வேறு மாதிரி: சிறு அளவுக் குற்றவாளியைக் கோர்ட்டு சிகிச்சைக்கு அனுப்பலாம், அவன் சம்மதிக்க வேண்டும். 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கக் கூடாதென்று தீர்ப்பளித்தது. கட்டாய சிகிச்சையை அதே தீர்ப்பு விலக்கவில்லை.

கட்டாயம் நியாயமா? அடிபட்டு நிற்கும் மனைவியிடம் கேட்டால் நியாயம் என்பாள். அவள் சொல்லைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கட்டாயம் ஓர் உயிரை 30 நாள் காப்பாற்றும். அது சிறிய காரியமன்று. ஆனால் அதையே திருத்தம் என்று பெயரிடும்போதுதான் பொய் நுழைகிறது. உடம்பிலிருந்து சாராயம் இறங்கச் சில நாட்கள் போதும். ஆசை இறங்க மாதங்கள், வருஷங்கள் ஆகும். நடுவில் சறுக்கி விழுவது இந்த நோயில் சகஜம். விழுந்தவனைப் பார்த்து 'மனம் திருந்தாதவன்' என்று ஊர் சொன்னால், அவன் மறுபடி எழுந்திருப்பது எதற்காக?

31-ஆம் நாள் அவன் ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய கடன் காத்திருக்கிறது; சாமை அறுப்பு முடிந்து வேலையில்லாத மாதங்கள் காத்திருக்கின்றன; பழைய கூட்டாளியும் காத்திருக்கிறான். வெளியே அனுப்பும்போது பின்சிகிச்சைக்குத் திட்டம் வகுக்கச் சட்டம் சொல்லத்தான் சொல்லுகிறது. அந்தத் திட்டம் அவனோடு மலையேற வேண்டும். ஏறாவிட்டால் முன்னே கொடுத்த 30 நாளும் வீண்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபின், விற்பவனுக்கு ஆயுள் தண்டனை வரை சட்டம் கடுமையாயிற்று. வேண்டியதுதான். ஆனால் தண்டனை, விற்பவனுடைய கதை. வாங்கிக் குடித்தவனுடைய கதைக்கு அது முடிவாகாது.

சட்டத்துக்குப் பிரிவுகள் வேண்டும், பிரிவுகளுக்குக் கெடு வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது. கதைக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லையே! திருந்தியவன் மறுநாள் காலை கண் விழித்து, கை நடுக்கத்தோடு மண்வெட்டியை எடுக்கிறானே, நம் ஆசிரியர்கள் அங்கிருந்து எழுதத் தொடங்கட்டும். அப்படி நாலு நாவல்கள் வந்தால், அவற்றைப் படித்த யாராவது ஓர் அதிகாரி அந்தக் கோப்பின் பெயரையும் மாற்றக்கூடும்.