மற்றும் பிறர்: தூ யூயூவின் பெயரும் மேற்கோள் கணக்கும்

தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் ஆசிரியன் செத்துப்போனான். ரோலான் பார்த் 1967இல் அறிவித்த மரணம் தமிழுக்கு வந்துசேரக் கால் நூற்றாண்டு பிடித்தது. வந்ததும் ஒரே கொண்டாட்டம். பிரதி இருக்கிறது, வாசகன் இருக்கிறான், ஆசிரியன் எதற்கு என்று கேட்டார்கள். அந்த இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிப் படித்து வளர்ந்தவன் நான். அந்த வாதம் எனக்கும் பிடித்திருந்தது. இலக்கியத்தைப் பொறுத்தவரை இன்னமும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் விஞ்ஞானக் கட்டுரை என்கிற பிரதியின் மேல் அதைப் பொருத்திப் பார்த்தபோது எங்கோ இடித்தது. ஆசிரியன் சாவது வேறு, சாகடிக்கப்படுவது வேறு. கொன்றவர் யார், செத்தவர் யார், சொத்து யாருக்குப் போனது என்று கேட்காமல் பெயரின்மையைக் கொண்டாட முடியாது. இதைப் பேச சீனத்துப் பெண் விஞ்ஞானி ஒருவரின் வெளியீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

1

1977இல் சீன அறிவியல் இதழ் ஒன்றில் ஒரு சிறு கட்டுரை வந்தது. மலேரியாவை முறியடிக்கும் புதிய வேதிப்பொருள் ஒன்றின் மூலக்கூறு அமைப்பைச் சொன்ன கட்டுரை அது. சீனத்தில் அந்தப் பொருளுக்கு சிங்ஹாவோசு என்று பெயர். உலகம் அதை இன்று ஆர்ட்டெமிசினின் என்று அழைக்கிறது. கட்டுரையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மனிதப் பெயர்கூட இல்லை. கூட்டு ஆய்வுக் குழு என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். 1979இல் ஆங்கிலத்தில் வெளியான கட்டுரையிலும் இதே கதை.

இந்தப் பெயரின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவோடு போரிட்டுக்கொண்டிருந்த வட வியட்நாம் வீரர்களைக் குண்டைவிட மலேரியா அதிகம் வாட்டியது. பழைய மருந்துகள் பலிக்கவில்லை. சீனாவிடம் உதவி கேட்டார்கள். 1967 மே 23 அன்று கூடிய கூட்டத்தில் தொடங்கிய ரகசிய ராணுவத் திட்டத்துக்கு அந்தத் தேதியே பெயரானது: திட்டம் 523. சுமார் 60 நிறுவனங்கள், 500க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள். கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் வேறு. படித்தவன் என்றாலே சந்தேகம். தன் பெயரைப் போட்டுக்கொள்வது முதலாளித்துவத் தற்பெருமை.

இந்தத் திட்டத்துக்குள் 1969 ஜனவரியில் தூ யூயூ வருகிறார். 1930இல் நிங்போ நகரில் பிறந்தவர், 1955இல் பெய்ஜிங்கில் மருந்தியல் படிப்பை முடித்தவர். அங்குள்ள மரபு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஒரு குழுவுக்குத் தலைவராக்கப்பட்டார். கணவரை வேலை செய்யக் கிராமப்புறத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சின்னஞ்சிறு பெண் குழந்தைகளைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு, மலேரியா மண்டிய ஹைனான் தீவுக்குப் போனார். வைத்தியர்களிடம் கேட்டும் பழைய நூல்களைப் புரட்டியும் சுமார் 2,000 மருந்துக் குறிப்புகளைப் பார்த்தார். அவற்றிலிருந்து 640ஐத் தேர்ந்து ஒரு கைப்புத்தகமாகத் தொகுத்தார். 200க்கும் மேற்பட்ட மூலிகைகளிலிருந்து 380 சாறுகளை எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது அவர் குழு.

அவற்றில் ஒன்று சிங்ஹாவோ. நம்மூர் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடிதான். ஒருமுறை பலித்தது, அடுத்தமுறை கைவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. தூ யூயூ மறுபடியும் பழைய நூல்களிடம் போனார். கெ ஹொங் என்ற 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் இந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். கொதிக்கவைக்கும்படி அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லாமையைத்தான் தூ யூயூ வாசித்தார். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும் ஈதரைக்கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4 அன்று 191ஆம் எண் சாறு எலிகளின் உடம்பிலிருந்த ஒட்டுண்ணிகளை முற்றாக அழித்தது. 1972இல் தூ யூயூவும் சகாக்கள் இருவரும் முதலில் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

பிரதியின் மௌனத்தை வாசிப்பது பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். 1,600 ஆண்டுப் பழைய பிரதி ஒன்றின் மௌனத்தை ஒரு பெண் வாசித்ததால் உயிர்கள் பிழைத்தன. வாசகனின் பிறப்பு என்று பார்த் சொன்னாரே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாசகியின் பெயர்தான் கட்டுரையில் இல்லை.

2

தூ யூயூ திட்டத்தில் சேர்ந்த அடுத்த மாதம், 1969 பிப்ரவரியில், பாரிஸில் மிஷல் ஃபூக்கோ 'ஆசிரியர் என்பது என்ன' என்று உரையாற்றிக்கொண்டிருந்தார். அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை நம்மவர்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் கதைகளுக்கு ஆசிரியர் பெயர் தேவைப்படவில்லை, மருத்துவ நூலுக்கும் வானியல் நூலுக்கும் தேவைப்பட்டது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இது தலைகீழானது. நிரூபணமே போதும் என்றானபின் விஞ்ஞானத்தில் பெயரின் பலம் குறைந்தது. இலக்கியத்துக்குப் பெயர் கட்டாயமானது என்கிறார்.

தமிழ் படித்தவனுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. செம்புலப்பெயல்நீரார் என்பவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே அவர் எழுதிய உவமைதான். தொல்காப்பியம் முன்னோரை மேற்கோள் காட்டும்போது 'என்மனார் புலவர்' என்று பொதுவில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. எந்தப் புலவர், எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே கிடையாது.

கணக்கு அமெரிக்காவில் தொடங்கியது. ஃபூக்கோ பேசுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1964இல், பிலடெல்ஃபியாவில் யூஜின் கார்ஃபீல்ட் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அச்சிட்டு விற்க ஆரம்பித்துவிட்டார். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை சுட்டுகிறது என்று தேட உதவும் கருவியாகத்தான் அது பிறந்தது. கொஞ்ச நாளில் தராசாகிவிட்டது. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு விஞ்ஞானியின் மொத்த வாழ்க்கையையும் ஒரே எண்ணில் அடக்கும் சூத்திரத்தைத் தந்தார். குறைந்தது 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் அவர் மதிப்பு 20. சம்பளம், பதவி உயர்வு, நிதி எல்லாம் இந்த எண்ணைச் சுற்றி வருகின்றன. ஆக, நிரூபணமே போதும் என்ற விஞ்ஞானத்துக்குள் ஆசிரியன் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டான். இந்தத் தடவை கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

அச்சு அட்டவணையில் ஒரு சின்ன வழக்கம் இருந்தது. சுட்டப்பட்ட கட்டுரை முதல் ஆசிரியர் பெயரின் கீழ்தான் வரும். மற்றவர்கள் 'மற்றும் பிறர்'. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். புரதத்தை அளக்கும் ஒரு முறையைச் சொல்லும் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை. 2014இல் எடுத்த கணக்குப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். ஆலிவர் லௌரியின் கட்டுரை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ரோஸ்ப்ரோ, ஃபார், ரேண்டல் என்று இன்னும் மூன்று பேர் உண்டு. யார் நினைவில் இருக்கிறார்கள்? லௌரியே அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று சொன்னவர். அதே 2014 கணக்கின் முதல் நூறு கட்டுரைகளுக்குள் டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த கட்டுரை வரவில்லை. அன்றாட வேலைக்குப் பயன்படும் செய்முறை மேற்கோளைக் குவிக்கிறது. பார்வையையே மாற்றிப்போட்ட கட்டுரை சீக்கிரமே பொது அறிவாகிவிடுகிறது, அதை யாரும் சுட்டத் தேவையில்லை. மேற்கோள் எண்ணிக்கை புழக்கத்தைக் காட்டும். மதிப்பைக் காட்டும் என்பது நாமாக ஏற்றிச் சொல்வது.

இந்தத் தராசில் தூ யூயூவை ஏற்றிப் பாருங்கள். 1977 கட்டுரை அவர் கணக்கில் சேராது, பெயர் இல்லையே. 1982இல் ஒரு ஜெர்மன் இதழில் அந்தச் செடியின் வேதிப்பொருள்கள் பற்றி அவர் பெயரோடு மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. மேற்கு நாடுகளில் இந்த மருந்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 1985இல் 'சயின்ஸ்' இதழில் டேனியல் க்ளேமன் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை. அவர் வேலை பார்த்தது அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு நிறுவனத்தில். அமெரிக்காவை எதிர்த்த வீரர்களுக்காகத் தேடிய மருந்து, அமெரிக்க ராணுவ வேதியியலாளர் ஒருவரின் எழுத்து வழியாக உலகுக்குப் போனது. அவர் திருடவில்லை. சீனத்திலிருந்து வந்த மருந்து என்று தலைப்பிலேயே சொல்லித்தான் எழுதினார். ஆனால் நாட்டின் பெயர் இருக்கிற இடத்தில் ஆளின் பெயர் இருப்பதில்லை.

சொந்த நாட்டிலும் நிலைமை மோசம்தான். முனைவர் பட்டம் இல்லை, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ததில்லை, தேசிய அறிவியல் கழக உறுப்பினரும் இல்லை. 'மூன்று இல்லை' பேராசிரியர் என்றே அவரைக் குறிப்பிட்டார்கள்.

3

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிஸ் மில்லர், சூ சின்ஜுவான் என்ற இரண்டு மலேரியா ஆய்வாளர்கள் ஆர்ட்டெமிசினினைக் கண்டுபிடித்தது யார் என்று சீன விஞ்ஞானிகளிடமே கேட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. ஆவணங்களைத் தோண்டி, தூ யூயூ என்ற முடிவுக்கு வந்து 2011இல் 'செல்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு லாஸ்கர் விருது, 2015இல் நோபல் பரிசு. எந்த மேற்கோள் எண்ணும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பழைய காகிதம் படித்ததுதான் கண்டுபிடித்தது.

சரி, நியாயம் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று எழுந்துவிடலாமா? முடியாது. பரிசு அறிவித்த உடனே சீனாவில் முணுமுணுப்பு எழுந்தது. தூ யூயூவின் குழுவிலேயே 1972இல் படிகத்தைப் பிரித்தெடுத்தவர் ஜோங் யூரோங். யுன்னானில் தனியாகப் படிகம் எடுத்தவர் லுவோ சேயுவான். 1974இலிருந்து கடுமையான மலேரியா நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்துப் பயனை நிலைநாட்டியவர் லி குவோச்சியாவ். மூலக்கூறு அமைப்பைக் கண்டுசொன்னது ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் இருந்த வேறு குழுக்கள். ஒரு பரிசை மூன்று பேருக்குமேல் பகிரக்கூடாது என்பது நோபல் விதி. 500 பேரை அழித்த கூட்டுப் பெயருக்குப் பதில் ஒற்றைப் பெயர் வந்து உட்கார்ந்தது. லௌரியின் கட்டுரையில் நடந்ததேதான் இங்கேயும். மற்றும் பிறர்.

தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "உழைப்பு கூட்டு, பலன் மக்களுக்கு, இதுல பேரு எதுக்குய்யா?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பு கூட்டு என்றால் பெயரையும் கூட்டாகப் போட்டிருக்கலாமே? பட்டியல் நீளமாகும், ஆகட்டுமே. குழு என்ற சொல்லுக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்பது கட்டுரையை வாசித்தவனுக்குத் தெரியாது, கோப்பை வைத்திருந்தவனுக்குத் தெரியும். அதிகாரத்துக்கு எப்போதும் பெயர்கள் தெரியும். பெயரின்மை கீழே இருப்பவர்களுக்கு மட்டுமே விதிக்கப்படுகிறது. அதே காலத்தில் ஒரே ஒரு தலைவரின் பெயர் மட்டும் சீனாவின் சுவர்களில் எல்லாம் இருந்தது என்பதைத் தோழருக்கு ஞாபகப்படுத்தினேன். பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார்.

கூட்டுக்குழு என்ற முகமூடியும் வேண்டாம், ஒற்றை நாயகி என்ற சிலையும் வேண்டாம் என்பதே என் கட்சி. யார் என்ன செய்தார்கள் என்று எழுதிவைக்கும் கணக்கு வேண்டும். செடியைப் பறித்தவர், சாறு இறக்கியவர், எலியின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர் எல்லோரும் அதில் வரவேண்டும். எத்தனை பேர் சுட்டினார்கள் என்ற எண் இந்த இடத்தை ஒருபோதும் நிரப்பாது. விஞ்ஞானிகளுக்கு மட்டும் சொல்லவில்லை. நம் இயக்கங்களின் துண்டறிக்கைகளையும் தொகுப்பு நூல்களையும் எடுத்துப் பாருங்கள். களத்துக்குப் போய்த் தகவல் திரட்டியவர்கள், பெரும்பாலும் பெண்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? முன்னுரை எழுதியவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

191ஆம் எண் சாற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய எண்களும் யாரோ ஒருவர் ஈதர் நெடியில் நின்று வடித்தவைதான். அந்த வேலை பார்த்தவர்களுக்கு உடம்பு கெட்டது, தூ யூயூவுக்கும் கல்லீரல் பாதித்தது. பலிக்காத சாற்றுக்கு மேற்கோள் கிடையாது. 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் இறந்திருக்கிறார்கள், பெரும்பகுதி ஆப்பிரிக்கக் குழந்தைகள். தேடல் முடியவில்லை. இப்போதும் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ பலிக்காத சாறு ஒன்றுக்கு எண் எழுதி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் குப்பியில் அவர்களுடைய பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும்.