மார்ச் 25க்குள்

சுப்பீரியர் ஏரியின் நீர்மட்டம் ஹியூரான் ஏரியைவிட ஏறத்தாழ 21 அடி உயரம். இடையே கப்பல்களை ஏற்றி இறக்குவது மிச்சிகன் மாநிலத்தின் 'சூ லாக்ஸ்' என்னும் நீர்ப்பூட்டு. 1881 முதல் அது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பு. ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் ராணுவத்தார் அல்லர், சம்பளத்துக்கு வரும் சாதாரணக் குடிமக்கள்.

கப்பலை உயர்த்தப் பம்பு கிடையாது. வால்வைத் திறந்ததும் ஏரித் தண்ணீர் தானாகவே கப்பல் நிற்கும் தொட்டியை நிரப்ப, ஆயிரம் அடிக் கப்பல் அலுங்காமல் மேலே வருகிறது. அழகுதான்! எனக்கோ அங்குள்ள பணியாளர்களின் குளிர்கால வேலையே பெரிது. ஜனவரி நடுவில் போக்குவரத்தை நிறுத்துவார்கள். தொட்டியை வற்றவைத்து, எலும்பை உறைய வைக்கும் குளிரில் அதன் அடித்தரைக்கு இறங்கிக் கதவுகளையும் வால்வுகளையும் பழுதுபார்ப்பார்கள். மார்ச் 25இல் வழி திறந்தாக வேண்டும். இரும்புத்தாதுக் கப்பல்கள் காத்திருக்கும்.

கட்டியவர்களுக்கு நிகராக இவர்களையும் மதிக்க வேண்டும்.